ஒரு கீறலும் இல்லாமல்

என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். ஊரில் எத்தனையோ பேர் அந்த வேலை செய்கிறார்கள். ஆனால் ஒரு டைல்ஸ்கூட உடையாமல் பழைய குழாயைக் கழற்ற வேண்டும் என்றால் இவரைத்தான் தேடி வருவார்கள். குளியலறைக்குள் நுழைந்தால் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்து அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பொறுமை போய், 'தூங்கிட்டீங்களா' என்று வெளியிலிருந்து கேட்ட வீட்டுச் சொந்தக்காரர்கள் உண்டு. கடைசியில் குழாய் கையோடு வந்துவிடும், டைல்ஸ் வைத்தது வைத்தபடி இருக்கும். அந்தப் பெருமையை வாயால் சொல்ல மாட்டார். சொல்லாமலே எல்லோருக்கும் தெரிய வேண்டும், அதுதான் அவருடைய கர்வம்.

நான் தையல்காரி. பிரித்துத் தைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது. இப்படி இரண்டு பேருக்கு ஒரே மகள் பிறந்தால் எப்படி இருப்பாள்? அப்பாவின் அழுத்தமும் அம்மாவின் வாயும் சேர்ந்து வந்தன. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே வாலு என்று கூப்பிட்டோம். கல்யாணத்துக்குப் பிறகும் மாப்பிள்ளை எதிரில் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவள் முறைப்பாள். முறைக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த வாலு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினாள். மாப்பிள்ளைக்குக் கடலுக்கு அப்பால் ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்திருந்தது. விமானத்தில் போகலாம். உலகமே அப்படித்தான் போகிறது. இவர்கள் இங்கே வீட்டைக் காலி செய்துவிட்டு, படகை ஓட்டிக்கொண்டே போய், அங்கேயும் அதிலேயே குடியிருப்பார்களாம். அவள் வந்து இதைச் சொன்னபோது நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்தவில்லை.

"எல்லாம் முடிவு பண்ணிட்டு என்கிட்ட எதுக்குச் சொல்றே? போறவளுக்கு எதுக்கு அம்மா?" என்றேன்.

வாய் முந்திக்கொண்டது. எனக்கு எப்போதும் மனசு சட்டை போட்டுக் கிளம்புவதற்குள் வாய் தெருமுனை தாண்டியிருக்கும். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுவிடவில்லை. நின்றிருந்தாலாவது யாராவது ஒருத்தி சமாதானத்துக்குப் போயிருப்போம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழை வருமா, வராது. சாவி எங்கே, ஆணியில் இருக்கு. இப்படியே மாதங்கள் ஓடின. கோபத்தில் சொல்லிட்டேன்டி, போகாதே, இங்கேயே இரு. எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான். நல்ல நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். நேரம் வரவில்லை, அவர்கள் கிளம்பும் நாள்தான் கிட்டே வந்தது.

படகைக் கடலில் இறக்குவதற்கு முன்னால் அதைப் பரிசோதிக்க ஒரு ஆபீசர் வந்தார். சமையல் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தொட்டித் தண்ணீர் வெளியே போவதற்காகப் படகின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு ஒரு வெண்கலக் குழாயைப் பொருத்தியிருந்தார்கள். வெளிப்பக்கம் காளான் குடை போல ஒரு தொப்பி, படகின் தோலோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். உள்பக்கம் மரை போட்ட தண்டு, அதை இறுக்கிப் பிடிக்கப் பெரிய நட், அதற்கு மேல் வால்வு. எல்லாம் படகு பிறந்தபோது வைத்தவை. வால்வு திறந்தபடியே இறுகிப்போயிருந்தது. வெண்கலம் உப்பில் அரித்து இளஞ்சிவப்பாகியிருந்தது. இது நடுக்கடலில் ஒடிந்தால் படகு மூழ்கும், மாற்றாமல் இறக்க விட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

படகுப் பட்டறை ஆள் வந்து பார்த்தார். "கிரைண்டர் வெச்சு அறுத்து, உளியால ரெண்டு போடு போட்டா வந்துரும். சுத்தியும் தோல் கொஞ்சம் பேந்துட்டு வரும். ஃபைபர் வெச்சுக் கட்டிக்கலாம்" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வந்த வாலு, பேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு விளக்கினாள். படகின் தோல் இரண்டு அடுக்கு ஃபைபர், நடுவில் மரம். பேர்ந்துவிட்டால் அந்த மரம் நன்றாகக் காய வேண்டும். பிறகு அடுக்கடுக்காகக் கட்ட வேண்டும், அது இறுக வேண்டும். அதற்குள் காற்று திசை மாறிவிடும். அந்தக் கடலில் சின்னப் படகு போவதற்கென்று வருஷத்தில் ஒரு காலம்தான் உண்டு. அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். மாப்பிள்ளை மட்டும் விமானத்தில் போய் வேலையில் சேர்ந்துகொள்வார், இவள் படகோடு இங்கே இருப்பாள்.

நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உள்ளுக்குள் மனசு துள்ளியது. ஒரு வருஷம்! கூடவே ஒரு வருஷம் இருந்தால் கல்லுகூட வாயைத் திறந்துவிடும், நான் திறக்க மாட்டேனா?

இந்த மனுஷன் கெடுத்தார்.

"கிரைண்டர் எல்லாம் வேணாம். நான் எடுத்துத் தரேன்" என்றார்.

"வேணாம்பா, பட்டறையில பாத்துப்பாங்க. பேந்தா பேந்துட்டுப் போகுது" என்றாள் வாலு.

"பேராம எடுத்துத் தரேன்னு சொல்றேன்ல?"

அவருக்கு இரண்டு வாக்கியம் என்பதே பெரிய சொற்பொழிவு. நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்ச் சத்தம் வரும்படி தேய்த்தேன்.

வேலை நடந்த அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் இருந்தால்தான் நடக்கும் வேலை அது. வாலுவுக்குக் கயிறு, பாய், விளக்கு என்று பட்டறையின் மறுகோடியில் ஆயிரம் வேலை. மாப்பிள்ளை சாமான் வாங்கப் போயிருந்தார்.

"பட்டறையில ஆளே இல்லையா? நான் என்ன கண்டேன் படகைப் பத்தி?" என்று கேட்டேன்.

"ஆள் இருக்கு. கைப்பதம் உன்கிட்டதான் இருக்கு" என்றார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் சமையலைக்கூட அவர் இப்படிப் பாராட்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

பட்டறை மைதானத்தில் படகுகள் இரும்பு முட்டுகளின் மேல் வரிசையாக நின்றன. தண்ணீரில் பார்க்கும்போது படகுக்கு இவ்வளவு பெரிய வயிறு இருப்பது தெரிவதில்லை. எங்கள் படகின் அடியில் சாயம் சுரண்டிய தூள் சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது. தின்னர் வாடை மூக்கைத் துளைத்தது. வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். அந்த வெண்கலத் தொப்பி என் முகத்துக்கு நேராக இருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. இதைப் பிடித்துக்கொண்டா என் பிள்ளையின் பயணம் நிற்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் ஏணியில் ஏறி உள்ளே போய் அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டார். தொட்டியிலிருந்து வால்வுக்கு வந்த ரப்பர் குழாயை வெட்டி எடுத்தார். வால்வுக்கு எண்ணெய் விட்டார், ஹீட் கன்னால் சூடு காட்டினார், மறுபடி எண்ணெய் விட்டார். இடையிடையே ஒரு சத்தமும் இருக்காது. குளியலறையில் உட்கார்ந்திருப்பது போல உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வெயில் நெற்றிக்கு நேராக வந்த சமயத்தில் வால்வு ஒரு முனகலோடு சுழன்று கழன்றது. நட் அசையவே இல்லை, உடும்புப் பிடி. அதைத் திருப்பப் பார்த்தால் குழாயும் சேர்ந்து சுற்றும், தோல் பிய்ந்துவிடும். அதனால் சின்ன ஹேக்சா பிளேடால் நட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார். அடியில் இருக்கும் மரத்தில் பிளேடு படக்கூடாது. அறுத்துவிட்டு உளியை வைத்து ஒரு தட்டு. நட் இரண்டாகப் பிளந்து விழுந்தது எனக்கே கேட்டது.

"நட் போச்சு" என்றது ஒரு குரல்.

திடுக்கிட்டுப்போனேன். குரல் அந்தக் குழாய் வழியாக நேராக என் முகத்துக்கு வந்தது. படகே வயிற்றிலிருந்து பேசுவது போல இருந்தது.

"கொஞ்சம் மெதுவா பேசக்கூடாதா? உசிரே போயிருக்கும்" என்றேன்.

"தண்ணி குடிச்சியா?" என்றது படகு.

இனிக் குழாயைப் பிடித்திருப்பது பசை மட்டும்தான். அவர் இறங்கி வந்து மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைத் தொப்பியின் விளிம்புக்கு அடியில் செருகினார். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். ரம்பம் மாதிரி மாற்றி மாற்றி இழுத்தோம். கம்பி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. பழைய பசை கறுப்பு ரப்பர் இழைகளாக உதிர்ந்தது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து அப்படி இழுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் பல்லைக் காட்டினார். கம்பி பாதி தூரம் போய், தண்டில் முட்டி நின்றது. தண்டைச் சுற்றி ஓட்டைக்குள் இருக்கும் பசையைக் கம்பி தொடாது. அதைச் சூடுபடுத்தி இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இழுப்பதற்கு அவரே ஒரு பொறி செய்து வைத்திருந்தார். தொப்பியைச் சுற்றித் தோலின் மேல் உட்கார ஒரு மர வளையம். வளையத்துக்குக் குறுக்கே ஒரு கனமான பலகை, அதன் நடுவில் துளை. முழு நீளமும் மரை போட்ட ஒரு இரும்புத் தண்டு, குழாய்க்குள் புகுந்து பலகைத் துளை வழியாக வெளியே வரும். உள்முனையில் ஒரு வாஷர், குழாயின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளும். வெளியே ஒரு நட். அந்த நட்டை முறுக்க முறுக்கக் குழாய் வெளியே வரும். ஸ்பேனர் வைத்து முறுக்குவது என் வேலை. உள்ளிருந்து சூடு காட்டுவது அவர் வேலை.

"நான் ஒரு தட்டு தட்டினா கால் சுத்து போடு. ரெண்டு தட்டினா நிறுத்து. பசை சூடா இருந்தாத்தான் இழுபடும். ஆறிப்போச்சுன்னா அது தோலைப் பிடிச்சுக்கும். அப்ப நீ ஒரு முழுச் சுத்து போட்டுட்டேன்னு வெச்சுக்கோ..." அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பேந்து கையில வந்துரும்."

"அவ்வளவு லேசா?"

"அவ்வளவு லேசுதான்."

சொல்லிவிட்டு ஏணியேறிப் போனார். ஹீட் கன்னின் இரைச்சல் கேட்டது. இரும்புத் தண்டு இன்னும் உள்ளே வரவில்லை. குழாய் திறந்தே இருந்தது. நான் அதன் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். உள்ளிருந்து சூடான காற்றும் ரப்பர் கருகும் நாற்றமும் வந்தன.

"ஏங்க."

"ம்."

"உங்களுக்குக் கை தவறவே தவறாதா?"

ஹீட் கன் இரைந்துகொண்டே இருந்தது.

"ஒரு தடவை தவறினா என்ன? பிள்ளை ஒரு வருஷம் நம்மகூட இருப்பா."

ஹீட் கன் நின்றது. நான் விடவில்லை. ஆரம்பித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"எவனோ வீட்டு டைல்ஸுக்கு அரை நாள் உக்காந்து யோசிப்பீங்க. பெத்த பிள்ளை கண்காணாத இடத்துக்குப் போறதைப் பத்தி அரை நிமிஷம் யோசிச்சீங்களா? நீங்கபாட்டுக்கு நான் எடுத்துத் தரேன்னு முந்திக்கிட்டு நிக்கிறீங்க. உங்க பேரைக் காப்பாத்திக்கணும். அவ்வளவுதானே?"

எங்கேயோ ஒருவன் சுத்தியலால் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தான். இவர் உள்ளே இருக்கிறாரா, போய்விட்டாரா என்றுகூட நினைத்தேன். பிறகு அவர் குரல் வந்தது. வழக்கத்தைவிடத் தணிவாக இருந்தது.

"ஸ்பேனர் உன் கையிலதானே இருக்கு."

அதோடு இரும்புத் தண்டு குழாய்க்குள் இறங்கி என் மூக்குக்கு நேராக வெளியே நீண்டது. வாஷர் வந்து மேல் வாயை அடைத்தது. இனிப் பேச்சு கேட்காது.

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஸ்பேனரைத் தூக்கி எறிந்திருப்பேன். பழியை என் மடியில் இறக்கிவிட்டுத் தான் நல்லவராக உள்ளே உட்கார்ந்துகொண்டார் பார் என்று கொதித்தேன். பலகையை வைத்து நட்டைச் சுழற்றி மாட்டும்போதுதான் உறைத்தது. அவர் கூடாது என்று சொல்லவில்லையே. இந்த மனுஷன், ஒரு டைல்ஸின் மூலை உடைந்தால் இரண்டு நாள் சாப்பிடாதவர், என்னைத் திட்டவில்லை. அவர் கை அதைச் செய்யாது. என் கை செய்தால் தடுக்கவும் மாட்டார். அவருக்கும் ஆசைதான். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வராது.

ஒரு தட்டு கேட்டது. கால் சுற்று போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு தட்டு, மறுபடி கால் சுற்று. மர வளையம் முனகியது. தொப்பியின் விளிம்பு தோலைவிட்டு ஒரு நூல் அளவு விலகியது. அடியில் பசை மெல்லிய சவ்வாக இழுபட்டது. இன்னொரு தட்டு, இன்னொரு கால் சுற்று. ஸ்பேனர் கனத்துக்கொண்டே வந்தது.

இரண்டு தட்டுகள். நிறுத்தினேன்.

சூடு காட்டுகிறார் என்றால் ஹீட் கன் இரைய வேண்டும். இரையவில்லை. காத்திருந்தேன். தொப்பியைத் தொட்டுப் பார்த்தேன். கை பொறுக்கும் சூடு, அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. பசை ஆறுகிறது. அவருக்கு இது தெரியாமல் இருக்காது. அவர் எனக்கு நேரம் கொடுக்கிறார் என்று புரிந்தது.

ஸ்பேனர் நட்டில் மாட்டியபடி என் கையில் இருந்தது. ஒரு முழுச் சுற்று போதும். தட்டு அகலத்துக்குப் பேர்ந்துவிடும். வாலு ஓடி வருவாள், நான் தலையில் கை வைத்துக்கொள்வேன், தையல்காரியைப் போய் இந்த வேலைக்கு உட்கார வைத்தால் இப்படித்தான் என்று எல்லோரும் அவரைச் சொல்வார்கள், அவர் பேசாமல் வாங்கிக்கொள்வார். ஒரு வருஷம் என் பிள்ளை என் வீட்டில் இருப்பாள். என்றாவது ஒரு நாள், துணி மடிக்கும்போதோ விளக்கை அணைக்கும்போதோ, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன்.

கையை இறுக்கினேன். இறுக்கத்தான் செய்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அது நகரவில்லை. என்னை நம்பிக் கொடுத்த துணி ஒன்றில்கூட நான் தெரிந்து கத்தரி வைத்ததில்லை. அந்தக் கை அது. இதுவோ தோலுக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை தூங்கப்போகிற இடம், இந்தப் பக்கம் கடல். பேர்த்துவிட்டுப் பிறகு எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், அவள் கிளம்புகிற அன்றைக்கு நான் எப்படித் தூங்குவேன்?

ஸ்பேனரை எடுத்துவிட்டு, விரல் முட்டியால் படகின் வயிற்றில் நானே தட்டினேன். ஒரு கணம் பொறுத்து ஹீட் கன் இரைய ஆரம்பித்தது.

அதன் பிறகு இரண்டு பேரும் ஒழுங்காக வேலை செய்தோம். தட்டு, கால் சுற்று, சூடு. தட்டு, கால் சுற்று, சூடு. கடைசியில் ஈரச் செருப்பைச் சேற்றிலிருந்து பிடுங்குவது போல ஒரு சத்தம். குழாய் பொறியோடு சேர்ந்து என் மடியில் விழுந்தது. தோலில் வட்டமாக ஒரு ஓட்டை. ஃபைபர், மரம், ஃபைபர் என்று அடுக்குகள் அழகாகத் தெரிந்தன. மரம் காய்ந்த மரமாகவே இருந்தது. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. என் வெட்கத்தை யாரிடம் சொல்வது, அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தையல் சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்துவிட்டால் வருமே, அந்தச் சந்தோஷம்.

ஓட்டைக்கு மேல் அவர் முகம் தெரிந்தது.

"தோல்?" என்றார்.

"அப்படியே இருக்கு."

"ம்" என்றார். முகம் விலகியது.

வாலு கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். என் மடியில் இருந்த குழாயைப் பார்த்தவள் சுருளைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். ஓட்டையைச் சுற்றி ஒரு விரலை ஓட்டினாள். சுற்றி முடிந்ததும் மறுபடி சுற்றினாள், எங்காவது ஏதாவது அகப்படாதா என்பது போல.

"ஒரு கீறல்கூட இல்ல" என்றாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் தைக்கிற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். சரியாகிவிட்டது, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் சொல்வார். 'சரியாயிடுச்சாம், அம்மா' என்று ஏமாந்துபோய் வந்து என்னிடம் சொல்வாளே, அதே குரல். அவளும் இது பேர்ந்துவிடும் என்றுதான் இருந்திருக்கிறாள். நான் போகலை, இருக்கேன் என்று தானாக வந்து சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. வாய் என்னுடையது, அழுத்தம் அவருடையது, எப்படி வரும்? நாங்கள் மூன்று பேரும் மனசில் இருந்ததைச் சொல்லும் பொறுப்பை ஒரு வெண்கலக் குழாயிடம் விட்டிருந்தோம்.

அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"என்னம்மா, எப்படா இவ கிளம்புவான்னு ரெண்டு பேரும் சேந்து வேலை பாத்த மாதிரி இருக்கு?"

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் கேட்டுவிட்டு அவள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. நான் மாதக்கணக்காகக் காத்திருந்த நல்ல நேரம் என் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தது. இல்லடி, இருடி. இரண்டே சொல். ஓட்டை சுத்தமாக இருந்தால் என்ன, படகு முழுசாக இருந்தால் என்ன, இருக்க வேண்டும் என்றால் இருந்துவிடலாமே. அதற்கு எதையும் உடைக்க வேண்டியதில்லையே.

"பின்ன? எத்தனை நாளைக்குத்தான் உனக்குச் சமைச்சுப் போடறது?" என்றேன்.

அவள் சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள், சீக்கிரம் நிறுத்திவிட்டாள்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லி எழுந்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த சிவப்புத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, கயிற்றை எடுத்துத் தோளில் போட்டு, மாப்பிள்ளைக்கு போன் பண்ண வேண்டும் என்று போனாள்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து, இப்போது மறைக்க எதுவும் இல்லாத அந்த ஓட்டை வழியாக, அவர் குரல் தெளிவாக வந்தது.

"ஏண்டி அப்படிச் சொன்னே?"

ஸ்பேனரைப் பிடித்த கையை அடக்க முடிந்தது, வாயை அடக்க முடியவில்லை. படகைப் பழுதில்லாமல் காப்பாற்றினேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அதே இடத்தில் உட்கார்ந்து அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பேர்த்துவிட்டேன். நானாவது உடனே ஓடிப்போய் அவளைப் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் மாப்பிள்ளை கைநிறையச் சாமானோடு வந்துவிட்டார்.

புதுக் குழாயை இவரே பொருத்தினார். காற்று மாறுவதற்கு முன்னால் ஒரு காலையில் கிரேன் வந்து படகைப் பட்டைகளில் தூக்கித் தண்ணீரில் இறக்கியது. பட்டைகளை உடனே கழற்ற மாட்டார்களாம். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தாலும் மறுபடி தூக்கிவிடுவார்கள். இவர் அலமாரிக்குள் தலையை விட்டு, புதுக் குழாயைச் சுற்றி ஒரு வெள்ளைத் தாளை ஒற்றி ஒற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறை ஆட்கள் கரையில் கூடி நின்றார்கள். வாலு படகின் முனையில் நின்றாள். நான் கரையில் நின்றேன். எங்களுக்கு நடுவில் எட்டித் தாண்டிவிடக்கூடிய அளவு தண்ணீர்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

இவர் வெளியே வந்து தாளைத் தூக்கிக் காட்டினார்.

"காஞ்ச தாள். ஒரு சொட்டு இல்ல" என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை. குனிந்தே கிடந்ததால்தான் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

பட்டைகள் தளர்ந்து தண்ணீருக்குள் விழுந்தன. கரையில் எல்லோரும் கை தட்டினார்கள். வாலு இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கை தட்டினேன்.